சூரியத் தகட்டின் அழுத்தமும் சார்ஜ் கண்ட்ரோலரின் எல்லையும்

ஏரிக்கு மதகு கட்டுபவர், அந்த ஏரியில் சாதாரண நாட்களில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதைப் பார்த்து மதகின் பலத்தைத் தீர்மானிப்பதில்லை. ஐப்பசி கார்த்திகைப் பெருமழையில் நீர்மட்டம் எவ்வளவு உயரக்கூடும் என்பதைப் பார்த்தே தீர்மானிப்பார். அவ்வாறே, வறண்ட மாதங்களில் நீர் தாழ்ந்து நிற்கும்போதும் வாய்க்காலுக்குத் தண்ணீர் ஏறுமா என்பதையும் அவர் முன்கூட்டியே கவனிப்பார். உயர்ந்த எல்லை ஒன்று, தாழ்ந்த எல்லை ஒன்று ஆகிய இவ்விரண்டுக்கும் நடுவே அவருடைய வேலை நிற்கின்றது.

சூரிய ஒளியினின்று மின்சாரம் பெற்றுப் பாட்டரியில் சேமிக்கும் ஏற்பாட்டுக்கும் இதே விதி பொருந்தும். தோட்டத்து வீட்டு விளக்கு, களத்துமேட்டு விளக்கு, மாட்டுத் தொழுவம், காட்டோர நிலங்களின் மின்வேலி, ஊராட்சித் தெருவிளக்கு முதலியவற்றுக்கு இவ்வித ஏற்பாடுகள் இன்று நம் கிராமங்களில் ஏராளமாக உபயோகத்திலிருக்கின்றன. தகடும் நல்லது, பாட்டரியும் நல்லது, நடுவிலுள்ள கருவியும் நல்லது. ஆயினும் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாமையால், ஒரு குளிர்ந்த காலையில் கருவி எரிந்து போவதுண்டு. அல்லது கோடை முழுவதும் பாட்டரி நிரம்பாமலே கிடந்து கெட்டுப் போவதுண்டு. மின்வேலி ஓரிரவு நின்றால், காட்டுப்பன்றியோ யானையோ ஒரு போகத்தின் பலனை அழித்துவிடும். பொருளை வாங்குவதற்கு முன் கால்மணி நேரம் செலவிட்டுக் கணக்குப் பார்த்தால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம். அந்தக் கணக்கை நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் தாங்களே செய்யும்படியாக இங்கு விவரிப்போம்.

தகட்டில் எழுதியுள்ள அளவுகள்

சூரியத் தகடு என்பது சிலிக்கான் என்னும் பொருளாலான பல சில்லுகளை வரிசையாகக் கோத்து, கண்ணாடிக்குள் அடைத்தது. ஒரு சில்லு தரும் அழுத்தம் மிகச் சிறியது, ஏறத்தாழ 0.6 வோல்ட், புதிய வகைகளில் அதற்குச் சற்று மேல். 12 வோல்ட் பாட்டரிக்கென்று செய்யப்படும் தகட்டில் 36 சில்லுகள் இருக்கும். கூரைமீது வைத்து மின்வாரியக் கம்பியுடன் இணைப்பதற்காகச் செய்யப்படும் பெரிய தகடுகளில் 60 அல்லது 72 சில்லுகள் தொடராக இருக்கும். சில்லை இரண்டாக வெட்டிப் பொருத்திய புதிய தகடுகளில் 144 அரைச்சில்லுகள் காணப்படினும், அழுத்தத்தைப் பொறுத்தவரை அது 72 சில்லுத் தகட்டுக்கே ஒப்பாகும்.

தகட்டின் பின்புறத்தில் ஒட்டியுள்ள சீட்டில் நாம் கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, தகட்டினின்று ஓட்டம் ஒன்றும் எடுக்காதபோது அதன் முனைகளில் நிற்கும் அழுத்தம், இது வி.ஓ.சி. என்று குறிக்கப்படும். இதைத் திறந்தநிலை அழுத்தம் என்போம். இரண்டாவது, தகடு தன் முழுத் திறனில் வேலை செய்யும்போது உள்ள அழுத்தம், இது வி.எம்.பி. எனப்படும். இதை வேலை அழுத்தம் என்போம். மூன்றாவது, அந்நிலையில் ஓடும் ஆம்பியர், இது ஐ.எம்.பி. எனப்படும். நான்காவது, உஷ்ணம் ஒரு டிகிரி மாறினால் அழுத்தம் நூற்றுக்கு எவ்வளவு மாறும் என்னும் விகிதம். இந்த விகிதம் சீட்டிலேயே இராவிடினும், தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில் இருக்கும். கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த அளவுகள் யாவும் ஒரு பரீக்ஷை நிலையில் எடுக்கப்பட்டவை என்பதை மறக்கலாகாது. சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயில் விழவும், சில்லின் உஷ்ணம் 25 டிகிரி சென்டிகிரேடாக இருக்கவும் செய்து அளந்தவை அவை. நம் நிலத்தில் தகடு பெரும்பாலான நேரம் இந்த உஷ்ணத்தில் இருப்பதில்லை. நடுப்பகலில் அது 65 அல்லது 70 டிகிரி வரை சுடும். மார்கழிக் காலையில் 25 டிகிரிக்கு வெகுவாகக் கீழே நிற்கும். கணக்கின் சிக்கல் முழுவதும் இவ்வித்தியாசத்தில் அடங்கியிருக்கின்றது.

குளிரில் அழுத்தம் உயர்வதன் காரணம்

வெயில் கடுமையானால் அழுத்தமும் கூடும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. வெயில் கூடினால் பெரும்பாலும் கூடுவது ஓட்டமாகிய ஆம்பியரே. அழுத்தமோ, தகடு சூடேற ஏறக் குறையும். குளிரக் குளிர உயரும்.

இதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பக்கத்தில் கசிவுள்ள ஒரு மண்தொட்டியில் ஒரே அளவாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் ஏற ஏறக் கசிவும் கூடும். விழும் நீரும் கசியும் நீரும் சமமாகும் இடத்தில் மட்டம் நின்றுவிடும். கசிவு பெரிதானால் மட்டம் தாழ்ந்தே நிற்கும். கசிவு சிறிதானால் உயர்ந்து நிற்கும். சில்லுக்குள்ளும் இவ்வாறே, வெயிலால் உண்டாகும் ஓட்டத்துக்கு எதிராகக் கசியும் ஓட்டம் ஒன்று உண்டு. உஷ்ணம் அதைப் பெருக்கும். குளிர் அதைச் சுருக்கும். ஆகையால்தான் குளிர்ந்த தகட்டின் திறந்தநிலை அழுத்தம் சீட்டில் கண்டதைவிட அதிகமாயிருக்கின்றது.

சிலிக்கான் தகடுகளில் இந்த மாறுதல் சாதாரணமாக டிகிரி ஒன்றுக்கு நூற்றுக்கு 0.3 அளவில் இருக்கும். பார்வைக்கு இது அற்பமாகத் தோன்றும். ஆனால் 25 டிகிரியினின்று 0 டிகிரிக்கு இறங்கினால் நூற்றுக்கு 7.5 ஏறிவிடும் என்பதை நினைக்க வேண்டும்.

மேலும், காலை வெளிச்சம் மங்கலாயிருப்பதால் அழுத்தமும் மிகக் குறைவாயிருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் ஓட்டமும் பத்தில் ஒரு பங்காகும். ஆயினும் அழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு வந்துவிடும். சூரியன் சற்றே மேலெழுந்து, தகடு இன்னும் குளிர் நீங்காமல் இருக்கும் நேரமே அதிக அபாயமானது. மழைக்காலத்தில் மற்றொரு சந்தர்ப்பமும் உண்டு. மழை பெய்து தகடு நன்றாகக் குளிர்ந்தபின், மேகம் விலகித் திடீரென்று முழு வெயில் அடிக்கும். தகடு சூடேறுவதற்குச் சில நிமிஷங்கள் செல்லும். அதற்குள் அழுத்தம் உச்சத்தைத் தொட்டுவிடும்.

கட்டுப்பாட்டுக் கருவியின் இரு வகைகள்

தகட்டையும் பாட்டரியையும் நேராக இணைத்துவிட்டால் பாட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜாகிக் கொதித்து, அதன் நீர் வற்றிக் கெட்டுப்போகும். இதைத் தடுக்க நடுவில் வைப்பதே சார்ஜ் கண்ட்ரோலர் என்னும் கட்டுப்பாட்டுக் கருவி. இது இரு வகைப்படும்.

ஒன்று, பி.டபிள்யு.எம். வகை. இது வேகமாகத் திறந்து மூடும் ஒரு மடைக்கதவைப் போன்றது. கதவு திறந்திருக்கும்போது தகடு பாட்டரியின் அழுத்தத்துக்கே இறங்கி வந்து நிற்கும். தகட்டின் அழுத்தம் எவ்வளவு உயர்ந்ததாயிருந்தாலும், பாட்டரிக்குத் தேவையானதற்கு மேற்பட்ட பகுதி உபயோகப்படாது. விலை குறைவு, சிறிய ஏற்பாட்டுக்குப் போதுமானது.

மற்றொன்று, எம்.பி.பி.டி. வகை. இது தகட்டை அதன் வேலை அழுத்தத்திலேயே நிறுத்தி, அந்த உயர்ந்த அழுத்தத்தைக் குறைத்து, அதற்குப் பதிலாக ஆம்பியரை அதிகமாக்கிப் பாட்டரிக்குக் கொடுக்கும். ஆகையால் பெரிய தகடுகளின் திறன் வீணாகாது. விலை அதிகம்.

எந்த வகையாயினும், கருவியின்மீது இரண்டு எல்லைகள் எழுதியிருக்கும். ஒன்று, உள்ளே வரும் அழுத்தம் இவ்வளவுக்கு மேற்படலாகாது என்பது. மற்றொன்று, பாட்டரிக்கு இவ்வளவு ஆம்பியர் வரை கொடுக்கும் என்பது. இவ்விரண்டும் ஒரே தன்மையானவை அல்ல. இங்குதான் பலரும் தவறிவிடுகின்றனர்.

பெரும்பாலான எம்.பி.பி.டி. கருவிகளில், தகட்டின் திறன் தேவைக்கு மேற்பட்டிருந்தால் கருவி தன் ஆம்பியர் எல்லையோடு நின்றுகொள்ளும், மிச்சம் எடுக்கப்படாமல் போகும், அவ்வளவே. உதாரணமாக, 12 வோல்ட் பாட்டரிக்கு 30 ஆம்பியர் தரும் கருவி ஏறத்தாழ 420 வாட் வரையே உபயோகிக்கும். அழுத்தத்தின் எல்லையோ அப்படியன்று. அது ஒரு கணம் மீறினாலும் உள்ளிருக்கும் நுட்பமான பாகங்கள் உடைந்துவிடக்கூடும். ஏரியில் நீர் மிகுந்தால் கலிங்கு வழியே ஓடிவிடும். நீர்மட்டம் கரையின் உயரத்தை மீறினால் கரையே போய்விடும். அதிக வாட் மன்னிக்கப்படும். அதிக வோல்ட் மன்னிக்கப்படமாட்டாது.

எரிந்த பாகம் சில சமயம் உள்ளுக்குள்ளே ஒட்டிக்கொண்டு, தகட்டின் ஓட்டம் கட்டுப்பாடின்றிப் பாட்டரிக்குச் செல்லவும் கூடும். அப்போது கருவியோடு பாட்டரியும் நஷ்டமாகும்.

உயர்ந்த எல்லையைக் கணக்கிடும் முறை

இன்று சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 540 வாட் தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சீட்டில் திறந்தநிலை அழுத்தம் 49.5 வோல்ட் என்றும், வேலை அழுத்தம் 41.6 வோல்ட் என்றும், ஆம்பியர் 13 என்றும், திறந்தநிலை அழுத்தத்தின் உஷ்ண விகிதம் டிகிரிக்கு நூற்றுக்கு 0.28 என்றும் இருப்பதாகக் கொள்வோம். இவ்விதத் தகடுகள் இரண்டை ஒருவர் வாங்கி, 100 வோல்ட் எல்லையுள்ள கருவியில் தொடராக இணைக்க எண்ணுகிறார். 49.5-ஐ இரண்டால் பெருக்கினால் 99. நூற்றுக்கு உட்பட்டதுதானே என்று அவர் திருப்தியடைகிறார்.

இந்தத் திருப்தி தவறானது. காலையில் தகட்டின் உஷ்ணம் 10 டிகிரி என்று வைத்துக்கொண்டால், பரீக்ஷை நிலையினின்று 15 டிகிரி குறைவு. 15-ஐ 0.28-ஆல் பெருக்க 4.2 ஆகும். ஆகவே நூற்றுக்கு 4.2 கூடும். 49.5 வோல்ட் 51.6 வோல்ட் ஆகும். இரண்டு தகடுகளுக்கு 103 வோல்ட்டுக்கு மேல் வரும். 20 டிகிரியிலேயே கணக்கு 100.4 வோல்ட் காட்டும். ஆக, சமவெளியிலும் இவ்விணைப்பு ஆகாது.

எந்தக் குளிரைக் கணக்கில் கொள்வது என்பது ஊரைப் பொறுத்தது. சமவெளி ஜில்லாக்களில் 10 டிகிரி என்று வைத்துக்கொள்வது ஜாக்கிரதையான அளவாகும். உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுவதால், 0 டிகிரிக்கும் கீழே 5 டிகிரி வரை கணக்கில் எடுத்துக்கொள்வது நன்று. தெளிவான இரவில் தகடு தன் உஷ்ணத்தை ஆகாயத்துக்கு இழந்துவிடுவதால், சுற்றியுள்ள காற்றைவிடவும் சில டிகிரி குளிர்ந்திருக்கும் என்பதையும் நினைவிற் கொள்க. மேற்கண்ட தகட்டுக்கு இக்குளிரில் நூற்றுக்கு 8.4 கூடும்; ஒன்றுக்கு 53.7 வோல்ட், இரண்டுக்கு 107 வோல்ட்டுக்கு மேல் ஆகும்.

காலையில் வெளிச்சம் குறைவாதலால் உண்மையில் இந்த உச்சம் எல்லா நாளும் வந்துவிடுவதில்லை. ஒரு பண்ணையில் இவ்வாறு இணைத்து ஆறு மாதம் ஒன்றும் நேராமல் ஓடியது என்று ஒருவர் சொல்லலாம். மதகு ஆறு மாதம் உடையவில்லை என்பது அதன் பலத்துக்குச் சாட்சியாகாது. பெருமழை இன்னும் வரவில்லை என்பதற்கே சாட்சியாகும்.

பாட்டரி நிரம்பியிருக்கும் நேரத்தையும் மறக்கலாகாது. அப்போது கருவி தகட்டினின்று ஓட்டம் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். உடனே தகட்டின் அழுத்தம் திறந்தநிலை அழுத்தத்தை நோக்கி ஏறும். ஆதலின், தகடு வேலை செய்துகொண்டுதானே இருக்கும், வேலை அழுத்தமாகிய 41.6 வோல்ட்டைக் கணக்கிட்டால் போதாதா என்னும் வாதம் செல்லாது.

தாழ்ந்த எல்லையைக் கணக்கிடும் முறை

எரிந்து போகாமலிருந்தால் மட்டும் போதாது. பாட்டரி நிரம்பவும் வேண்டும். காரீயப் பாட்டரி 12 வோல்ட் எனப் பெயர் பெற்றிருந்தாலும், அதை முழுவதும் நிரப்ப ஏறத்தாழ 14.4 வோல்ட் வேண்டும். 24 வோல்ட் ஏற்பாட்டுக்கு 28.8-உம், 48 வோல்ட் ஏற்பாட்டுக்கு 57.6-உம் வேண்டும். எம்.பி.பி.டி. கருவிகளில் சில, தகட்டின் அழுத்தம் பாட்டரியைவிட 5 வோல்ட் அதிகமாயிருந்தால்தான் வேலையைத் தொடங்கும்.

இங்கு வேலை அழுத்தத்தைக் கடுங்கோடையின் உஷ்ணத்தில் பார்க்க வேண்டும். தகடு 70 டிகிரிக்குச் சுடும்போது பரீக்ஷை நிலையினின்று 45 டிகிரி அதிகம். வேலை அழுத்தம் டிகிரிக்கு நூற்றுக்கு 0.35 குறைவதாகக் கொண்டால், நூற்றுக்கு 16-க்குச் சற்றுக் குறைவாக இழப்பு. 41.6 வோல்ட் 35 வோல்ட்டாக இறங்கும். இது 24 வோல்ட் பாட்டரிக்குப் போதுமானது. 48 வோல்ட் பாட்டரிக்குச் சிறிதும் பயன்படாது.

60 சில்லுத் தகட்டில் ஏற்படும் ஏமாற்றத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதன் வேலை அழுத்தம் சுமார் 31 வோல்ட். 24 வோல்ட் பாட்டரிக்குத் தாராளமாகப் போதும் என்று தோன்றும். கோடை நடுப்பகலில் அது 26 வோல்ட்டாகக் குறைந்துவிடும், 28.8 வோல்ட்டை எட்டாது. எந்நாளும் அரைவயிற்றோடு கிடக்கும் காரீயப் பாட்டரியின் தகடுகளில் வெள்ளைப் படிவம் இறுகி, அதன் ஆயுள் குறைந்துவிடும். பாட்டரி மட்டமான சரக்கு என்று கடைக்காரரைக் குறை கூறுவோம், குற்றமோ கணக்கினுடையது.

நீளமான மெல்லிய கம்பியும் இந்தக் குறையைக் கூட்டும். 36 சில்லுத் தகட்டின் வேலை அழுத்தமாகிய 18 வோல்ட், 65 டிகிரியில் 15 வோல்ட் அளவாகும். தகட்டுக்கும் பாட்டரிக்கும் நடுவே 20 மீட்டர் தூரம் இருந்து, 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 10 ஆம்பியர் ஓடினால், போகவர 40 மீட்டரில் ஏறத்தாழ 3 வோல்ட் கம்பியிலேயே தொலைந்துவிடும். மீதி 12 வோல்ட். பாட்டரிக்கு ஒன்றும் ஏறாது. கருவியையும் பாட்டரியையும் தகட்டுக்கு அருகில் வைப்பதும், தடித்த கம்பி இடுவதும் இதற்குப் பரிகாரம்.

தொடராக இணைப்பதா, பக்கமாக இணைப்பதா?

தகடுகளைத் தொடராக, அதாவது ஒன்றன் கூட்டல்முனையை மற்றொன்றன் கழித்தல்முனையுடன் சேர்த்தால், வோல்ட் கூடும், ஆம்பியர் மாறாது. பக்கமாக, அதாவது கூட்டலோடு கூட்டலும் கழித்தலோடு கழித்தலும் சேர்த்தால், ஆம்பியர் கூடும், வோல்ட் மாறாது. இரண்டு எல்லைகளையும் தெரிந்துகொண்டபின், எவ்வாறு இணைப்பது என்பது தானே விளங்கும்.

முன்சொன்ன 540 வாட் தகடுகள் இரண்டு, 100 வோல்ட் கருவி ஒன்று, 24 வோல்ட் பாட்டரி என்றால், பக்கமாக இணைப்பதே முறை. குளிரில் 51.6 வோல்ட், நூற்றுக்கு வெகுவாகக் கீழே. கோடையில் 35 வோல்ட், 28.8-க்கும், தொடங்குவதற்கு வேண்டிய 5 வோல்ட்டுக்கும் சேர்த்துப் போதும். இரு எல்லைக்குள்ளும் அடங்குகின்றது.

பாட்டரி 48 வோல்ட் ஆயின் இரண்டையும் தொடராக இணைத்தே ஆகவேண்டும். கோடையில் 70 வோல்ட் கிடைக்கும். அப்போது குளிரில் வரும் 103 அல்லது 107 வோல்ட்டைத் தாங்க 150 வோல்ட் எல்லையுள்ள கருவி வாங்க வேண்டும். அதே கருவியில் மூன்றாவது தகடு ஒன்றையும் தொடராகச் சேர்க்கலாமா என்றால், சமவெளிக் கணக்கிலேயே 154 வோல்ட்டைத் தாண்டுவதால் சேர்க்கலாகாது.

மூன்றும் அதற்கு மேற்பட்டும் தகடுகளைப் பக்கமாக இணைக்கும்போது, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பியூஸ் வைக்க வேண்டும். ஒரு வரிசையில் பழுது நேர்ந்தால் மற்றவற்றின் ஓட்டம் முழுவதும் அதனுள் பாய்ந்து கம்பி தீப்பற்றாமல் அது காக்கும்.

பழைய கருவியில் பெரிய தகடு

மின்வேலிக்கோ விளக்குக்கோ வைத்திருந்த சிறிய 36 சில்லுத் தகடு கல்பட்டோ குரங்கு ஆடியோ உடைந்து போனால், வீட்டில் மிஞ்சியிருக்கும் பெரிய தகட்டை அதனிடத்தில் வைத்துவிடுவது சாதாரணமாக நேர்வது. வாட் அதிகம், ஆகவே நல்லது என்பது எண்ணம். 72 சில்லுள்ள 330 வாட் தகடு, திறந்தநிலையில் 45.5 வோல்ட், 8.8 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வேலியின் பி.டபிள்யு.எம். கருவி 25 வோல்ட் எல்லையுள்ளதாயின், அன்றே கெட்டுவிடக்கூடும். 50 வோல்ட் எல்லையுள்ளதாயின், சமவெளிக் குளிரில் 47.5 வோல்ட், தப்பும். மலையில் 49.6 வோல்ட் வரை ஏறும். தப்புவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

தப்பினாலும் லாபம் சிறிதே. கருவி தகட்டை 13 வோல்ட் அளவுக்கு இழுத்துவிடுவதால், 13-ஐ 8.8-ஆல் பெருக்கக் கிடைப்பது 114 வாட். 330 வாட் தகட்டில் மூன்றில் இரண்டு பங்கு வீண். ஆதலின் பி.டபிள்யு.எம். கருவிக்கு 36 சில்லுத் தகட்டையே வாங்குக. பெரிய தகட்டை உபயோகிக்க விரும்பினால், தகுந்த எம்.பி.பி.டி. கருவியையும் சேர்த்து வாங்குக.

பாட்டரியின்றி நேராக ஓடும் சூரிய நீரிறைப்பு யந்திரங்களுக்கும் இவ்விதி உண்டு. 2019-ஆம் வருஷத்தில் மத்திய அரசாங்கம் ஆரம்பித்த பி.எம். குசும் திட்டத்தின்கீழ் நம் மாநிலத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை வாயிலாக அமைக்கப்படும் யந்திரங்களில், தகடுகளின் எண்ணிக்கையும் கருவியின் எல்லையும் ஒன்றுக்கொன்று பார்த்தே பொருத்தப்பட்டிருக்கும். தண்ணீர் இன்னும் அதிகம் கிடைக்கும் என்று கருதி, அவ்வரிசையில் தாமாக ஒரு தகட்டைச் சேர்ப்பது கருவியைப் பலி கொடுப்பதாகும். அன்றியும் அங்குள்ள அழுத்தம் உயிருக்கே அபாயமானது. பயிற்சி பெற்றவரன்றிப் பிறர் தொடலாகாது.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

ஊராட்சிக்காகத் தெருவிளக்கோ, கட்டிட விளக்கோ வாங்கும்போது, இத்தனை வாட் தகடு, இத்தனை ஆம்பியர் கருவி என்று மட்டும் விலைப்புள்ளியில் குறிப்பிடுவது போதாது. தகட்டின் சில்லு எண்ணிக்கை, திறந்தநிலை அழுத்தம், வேலை அழுத்தம், உஷ்ண விகிதம், கருவியின் வகை, அது தாங்கும் உச்ச அழுத்தம் ஆகியவற்றையும் எழுதி வாங்க வேண்டும். சரக்கு வந்து இறங்கும்போது சீட்டை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதே விலையில் அதிக வாட் தகடு தருகிறோம் என்று மாற்றிக் கொடுப்பது உபகாரம் போலத் தோன்றும். திறந்தநிலை அழுத்தம் மாறியிருப்பின் அதுவே உபத்திரவமாகும். எல்லை மீறிய அழுத்தத்தால் கெட்ட கருவிக்குத் தயாரிப்பாளர்கள் சாதாரணமாக உத்தரவாதம் கொடுப்பதில்லை. அந்தச் செலவு ஊர்ப் பணத்தினின்றே போகும்.

சீட்டிலுள்ள அளவுகளைப் பதிவேட்டில் எழுதிவைப்பதோடு, கருவி இருக்கும் பெட்டியின் உட்புறத்திலும் அழியாத மசியால் எழுதிவைத்தல் நலம். சில வருஷங்களில் வெயில்பட்டுச் சீட்டு மங்கிவிடும். அப்போது பழுது பார்க்க வருபவர் ஊகத்தால் வேலை செய்ய நேரிடும்.

இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை

தகட்டைக் கருவியில் இணைப்பதற்குமுன், மல்டிமீட்டரை நேர்மின்சார அளவில் வைத்து, தகட்டு வரிசையின் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். கூட்டல்முனை, கழித்தல்முனை மாறாதிருக்கின்றனவா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். நடுப்பகலில் அளந்தால் தகடு சூடாயிருக்குமாதலால் குறைந்த அழுத்தமே காட்டும். அந்த அளவை நம்பி முடிவு செய்யாமல், மேற்கண்டவாறு குளிருக்குக் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் பாட்டரியைக் கருவியுடன் இணைத்து, அதன்பின் தகட்டை இணைப்பதே முறை. கழற்றும்போது தகட்டை முதலிலும் பாட்டரியைப் பின்னரும் கழற்ற வேண்டும். பாட்டரியின்றித் தகடு மட்டும் கருவியில் நின்றால், சில கருவிகள் கெட்டுவிடும். பகலில் தகட்டை நிறுத்த விசையில்லை. வெளிச்சம் உள்ளவரை அது மின்சாரம் உண்டாக்கிக்கொண்டேயிருக்கும். ஆகையால் வேலை செய்யும்போது வெளிச்சம் புகாத தார்ப்பாயால் தகட்டை மூடிவைத்தல் நன்று.

சுருக்கம்

1. தகட்டின் திறந்தநிலை அழுத்தத்தைத் தொடராக உள்ள தகடுகளின் எண்ணிக்கையால் பெருக்குக.

2. ஊரின் மிகக் குளிர்ந்த காலையில் அது எவ்வளவு ஏறும் என்று உஷ்ண விகிதத்தால் கணக்கிட்டுக் கூட்டுக. சமவெளிக்கு 10 டிகிரியும், உறைபனி விழும் மலைகளுக்கு 0-க்குக் கீழே 5 டிகிரியும் கொள்க.

3. வந்த தொகை கருவியின் அழுத்த எல்லைக்குக் கீழே, சற்று இடம் விட்டு அடங்க வேண்டும். அடங்காவிடின் தொடரிலுள்ள தகடுகளைக் குறைக்க. அல்லது உயர்ந்த எல்லையுள்ள கருவியை வாங்குக.

4. வேலை அழுத்தத்தை 70 டிகிரி உஷ்ணத்துக்குக் குறைத்து, கம்பியில் தொலைவதையும் கழித்து, பாட்டரி நிரம்ப வேண்டிய அழுத்தத்துக்கு மேல் இருக்கின்றதா என்று பார்க்க.

5. தகட்டையோ பாட்டரியையோ கருவியையோ எப்போது மாற்றினாலும் மேற்கண்ட கணக்கை மறுபடியும் செய்க.

இந்தக் கணக்குக்கு ஒரு காகிதமும் ஒரு பென்சிலும் போதும். விதை வாங்கும்போது முளைப்புத்திறனையும், உரம் வாங்கும்போது சத்தின் அளவையும் கேட்டு வாங்கும் விவசாயிகள், தகடு வாங்கும்போது வாட் கணக்கோடு நின்றுவிடாமல் வோல்ட் கணக்கையும் கேட்டு வாங்குவார்களாயின், மார்கழிக் குளிரிலும் சித்திரை வெயிலிலும் அவர்களுடைய விளக்கும் வேலியும் குறைவின்றி வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை.